முகத்துவாரம் அடைபட்டால்



இந்த மாதச் செய்தியை எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். காரணம், இதில் என் சொந்தக் காரியம் ஒன்று வருகிறது. நம்முடைய குப்பத்தில் மூத்தவர்களுக்கு அது தெரியும். பிறகு சபைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. இனி ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம் என்று ஆவியானவர் உணர்த்தினபடியால் எழுதுகிறேன். ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் 14-ஆம் அதிகாரம், முதல் நான்கு வசனங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள். ஆறாம் அதிகாரத்திலும் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் போக வேண்டியிருக்கும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு முகத்துவாரம் என்றால் என்ன என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகை வெளியூர்களுக்கும் போகிறபடியால் இரண்டு வார்த்தை சொல்லுகிறேன். நம்முடைய ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. ஆரணி ஆறும் காளாங்கியும் சுவர்ணமுகியும் மழைத் தண்ணீரைக் கொண்டுவருகின்றன, கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. இரண்டும் கலந்தால்தான் ஏரி. கடலில் பிறந்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்கே போகும். அந்தப் போக்கும் வரவும்தான் நம்முடைய சாப்பாடு.

கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரம் மூடிக்கொண்டால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் தெரியாது. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும். காற்று அடித்தால் அலைகூட வரும். தூரத்திலிருந்து பார்க்கிறவன் ஏரி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான். ஆனால் வெயில் ஏற ஏற தண்ணீர் சுண்டும், உப்பு ஏறும், இறால் வராது, உள்ளே இருக்கிற மீனும் சுருங்கும். அப்போது குப்பத்துக்காரர் மண்வெட்டியோடும் கூடையோடும் போய் மணலை வெட்டித் திறப்பார்கள். சில வருஷம் இயந்திரம் வைத்தும் வெட்டியிருக்கிறார்கள். அந்த மணல் ஒரே நாளில் வந்து விழுந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். ஒரு அலைக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான்.

இப்போது ஓசியாவுக்கு வருவோம். வடக்கே இருந்த இஸ்ரவேல் ராஜ்யத்தின் கடைசிக் காலத்துத் தீர்க்கதரிசி இவர். கி.மு. 722-ல் சமாரியா விழுந்தது. அதற்கு முந்தின ஆண்டுகளில், ராஜாக்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சிங்காசனத்தில் ஏறின நாட்களில் பேசினவர். அந்த ஜனங்கள் ஜெபிக்காதவர்கள் என்று நினைக்காதிருங்கள். நன்றாக ஜெபித்தார்கள். ஆறாம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைப் பாருங்கள். எவ்வளவு அழகான ஜெபம்! வாருங்கள் கர்த்தரிடத்தில் போவோம், காயப்படுத்தினவர் குணமாக்குவார், மழையைப்போல வந்து நம்மை நனைப்பார் என்கிற கருத்தில் ஒரு எழுப்புதல் பாட்டே பாடுகிறார்கள். இன்றைக்கு யாராவது நம் கூட்டத்தில் அப்படி ஜெபித்தால் எல்லாரும் கை தட்டி அல்லேலூயா சொல்வோம். ஆனால் நாலாம் வசனத்தில் கர்த்தர் பெருமூச்சு விடுகிறார். உன்னை என்ன செய்வேன் என்கிறார். வெயில் வந்ததும் கலைகிற மேகத்துக்கும் உலர்ந்துபோகிற பனிக்கும் அவர்கள் பக்தியை ஒப்பிடுகிறார்.

பல வருஷம் எனக்கு இது விளங்கவில்லை. நல்ல ஜெபத்துக்கு ஏன் இப்படிப்பட்ட பதில்? ஒருநாள் ஆறாம் அதிகாரத்தையும் பதினாலாம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறாம் அதிகாரத்து ஜெபத்தில் ஒரு பாவத்தின் பெயரும் இல்லை. ஒன்றுகூட இல்லை. காயம் இருக்கிறது, கட்டு இருக்கிறது, மழை இருக்கிறது, ஆசீர்வாதம் இருக்கிறது. "நான் இதைச் செய்தேன்" என்பது மாத்திரம் இல்லை.

பதினாலாம் அதிகாரத்தில் கர்த்தர் என்ன கேட்கிறார்? ஆட்டைக் கேட்கவில்லை, தானியத்தைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது வார்த்தைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுகிறார். இவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்று, என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுக்கிறார். சின்னப் பிள்ளைக்குத் தாய் சொல்லித்தருகிற மாதிரி. அந்த வார்த்தைகளில் மூன்று பெயர் வருகிறது பாருங்கள். ஒன்று அசீரியா. மெனாகேம் ராஜா ஆயிரம் தாலந்து வெள்ளி கொடுத்து அந்த ராஜாவின் தயவை வாங்கினான், அந்தக் கணக்கு இரண்டாம் இராஜாக்கள் 15-ல் இருக்கிறது. இரண்டாவது குதிரைகள், அதாவது படைபலம். மூன்றாவது தங்கள் கையாலேயே செய்து, பிறகு அதையே தெய்வம் என்று கூப்பிட்டது. மூன்றும் அவர்கள் நிஜமாகச் செய்த பாவம். பொதுவாகப் பாவம் என்று சொல்லி விட்டுவிடவில்லை. பெயர் சொல்லி, இனி இது வேண்டாம் என்று வாயால் சொல்ல வைக்கிறார். அப்புறம்தான் நாலாம் வசனம் வருகிறது, நான் குணமாக்குவேன் என்கிற வாக்குத்தத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் வசனத்தின் முடிவில் உதடுகளின் காளைகளைச் செலுத்துவதைப் பற்றி வாசிக்கிறோம். உதட்டுக்கும் காளைக்கும் என்ன சம்பந்தம் என்று நம்முடைய வாலிபர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எபிரெய மூலத்தில் காளைகள் என்கிற பொருளுள்ள சொல் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது கனி என்று வருகிறது, எபிரெயத்தில் இரண்டு சொல்லும் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். எபிரெயர் 13:15-ல் உதடுகளின் கனி என்று நாம் வாசிப்பது இதைத் தொட்டுத்தான். பலிபீடத்தில் காளை நிற்க வேண்டிய இடத்தில் உன் வார்த்தை நிற்கட்டும் என்பதே பொருள். காளை என்றால் லேசான பலி அல்ல, குடும்பத்தின் சொத்து அது. ஓசியா 13:2-ஐயும் சேர்த்து வாசித்தால் இன்னும் உறைக்கும். அந்த ஜனங்கள் கன்றுக்குட்டிச் சிலைகளை முத்தமிட்டவர்கள். எந்த உதடு கன்றுக்குட்டியை முத்தமிட்டதோ, அந்த உதட்டிலிருந்தே இப்போது காளை கேட்கிறார். பாவம் செய்த இடத்திலேயே பலி.

ஏழாம் அதிகாரம் 14-ஆம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். படுக்கையில் கிடந்து அலறுகிறார்கள், ஆனால் இருதயத்திலிருந்து என்னைக் கூப்பிடவில்லை என்கிறார் ஆண்டவர். அவர்கள் அலறியது தானியத்துக்காகவும் திராட்சரசத்துக்காகவும். 2004 டிசம்பர் 26-ஐ நம்மில் யார் மறந்தோம்? அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த வாரங்களில் நம்முடைய கூரைச் சபையில் நிற்க இடம் இல்லை. வாசலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். அழுகை பொய் அல்ல, நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆனால் நிவாரணப் படகும் வலையும் வந்து சேர்ந்து, கடல் மறுபடி கொடுக்க ஆரம்பித்தபோது, பனி உலர்ந்துபோயிற்று. யாருக்கு எத்தனை படகு என்கிற சண்டையில், அழுதுகொண்டு ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனார்கள்.

நம்முடைய ஊரில் இதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று கல்லில் இருக்கிறது. டச்சுக்காரர் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், நாங்கள் சின்ன வயதில் அதைப் பார்க்க பயந்து ஓடுவோம். உள்ளே கற்களில் அவர்கள் பாஷையில் அழகழகாக எழுத்து. அந்தக் கோட்டையில் போதகர் இருந்தார், ஆராதனை இருந்தது. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்கிற போதகர் 1632-லிருந்து பத்து வருஷம் இங்கே ஊழியம் செய்தவர், நம் நாட்டாருடைய சமயத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினவர். அதே நூற்றாண்டில் இதே துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். பஞ்ச காலத்தில் வயிற்றுக்கில்லாதவர்களை வாங்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சங்கீதம், திங்கட்கிழமை கப்பல். ஒரு ஜோடு செருப்புக்கு ஏழையை விற்றதை ஆமோஸ் கண்டிக்கிறார் (2:6). அதே ஆமோஸ்தான் ஐந்தாம் அதிகாரத்தில், நியாயம் இல்லாத இடத்தின் பாட்டும் வீணைச் சத்தமும் தேவனுடைய காதுக்குத் தொந்தரவு என்கிறார். அந்தக் கல்லறைக் கற்களில் செத்தவர்களுடைய பெயரும் பதவியும் இருக்கின்றன. கப்பலில் போனவர்களுடைய பெயர் எங்கேயும் இல்லை.

அவர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பிக்கக்கூடாது. இப்போது என் காரியத்தைச் சொல்லுகிறேன்.

1981-ஆம் வருஷம். எனக்கு இருபது வயது, ஆண்டவரை அறியாத காலம். நம்முடைய ஏரியில் பாடு முறை உண்டு. உரிமை உள்ள குப்பங்களில் தலைக்கட்டுக்காரர் பெயரையெல்லாம் எழுதி, சீட்டுப் போட்டு, எந்த நாளில் யார் எந்தப் பாட்டில் சுத்துவலை போடுவது என்று தீர்மானிப்பார்கள். என் முறை வருகிறவரைக்கும் நான் காத்திருக்க வேண்டும், உன் முறையில் நான் வலை போடக்கூடாது. யார் பலசாலி, யார் ஏழை என்று சீட்டு பார்க்காது. இலங்கையில் நீர்கொழும்பிலும் இப்படிச் சீட்டு முறை உண்டு. படிக்காத நம்முடைய முன்னோர் செய்த ஏற்பாடு, ஆனால் இதைவிட நியாயமான ஏற்பாட்டைப் படித்தவர்கள் செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு அமாவாசை ராத்திரி. இறால் நன்றாக இறங்குகிற சமயம். எங்களுக்கு முறை இல்லை. உறவுக்காரர் ஒருவரும் நானும் சேர்ந்து, இன்னொருத்தர் பாட்டில் திருட்டுத்தனமாக வலை போட்டோம். எங்கள் தோணியை எடுத்தால் தெரிந்துவிடும் என்று, கரையில் கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தோணியைக் கேட்காமல் அவிழ்த்துக்கொண்டு போனோம். விடிவதற்குள் கொண்டுவந்து கட்டிவிட்டோம். காலையில் பார்த்தால் அந்தத் தோணியில் ஈரமும் இறால் ஓடும். பஞ்சாயத்து கூடியது. அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றார், ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்நூறு ரூபாய் தண்டம், அந்த வருஷம் பாடும் இல்லை. பஞ்சாயத்தில் என் நைனாவும் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் இருந்தது. திறக்கவில்லை. அவருடைய மனைவி அங்கேயே காதிலிருந்து கம்மலைக் கழற்றிக் கொடுத்தார்கள், அடகு வைக்க.

பாடு என்கிற சொல்லை நாம் எப்படியெல்லாம் சொல்லுகிறோம்! ஏரியில் அது பங்கு. வேதத்தில் ஆண்டவர் பட்டது பாடு. நான் ஒருத்தருடைய பாட்டைத் திருடி, இன்னொருத்தரைப் பாடுபட வைத்தேன்.

1989-ல் ஆண்டவர் என்னைச் சந்தித்தார். இதே ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தேன். அபிஷேகம் பெற்றேன், ஊழியத்துக்கு வந்தேன். நான் பெரும் பாவி என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பேன், எத்தனை முழு இரவு ஜெபத்தில் புரண்டு அழுதிருப்பேன்! சத்தியமாக அழுகை உண்மை. ஆனால் வலை போட்டது நான் என்று ஒரு தடவைகூட, ஒரு மனுஷனிடத்திலும் சொல்லவில்லை. தேவன் மன்னித்துவிட்டார், இரத்தம் கழுவிவிட்டது, பழையதைக் கிளறக்கூடாது என்று எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். ஒரு அலைக்கு ஒரு கைப்பிடி மணல்.

2005-ல் சுனாமிக்குப் பின்பு நடந்த உபவாசக் கூட்டத்துக்காக இந்த ஓசியா 14-ஐத்தான் ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். மூன்று பெயர் என்று குறித்துக்கொண்டேன், அசீரியா, குதிரை, கைவேலை. நாலாவதாகப் பேனா நின்றுவிட்டது. தேவபிள்ளையே, அந்த ராத்திரி நான் பிரசங்கம் எழுதவில்லை.

விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன்: "அண்ணா, அன்னைக்கு உன் தோணியை அவுத்துக்கினு போனது நான்தான். வலை போட்டது நான்தான்." அவர் கை நிற்கவில்லை. வலை ஊசி போய்ப் போய் வந்தது. பிறகு சொன்னார்.

"எனக்குத் தெரியும்டா தம்பி. காலைல தோணி கட்டியிருந்த கயித்தைப் பாத்தேன். அது உங்க நைனா போடற முடிச்சு. அவருகிட்ட கத்துக்கினவன் நீ ஒருத்தன்தான்."

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பஞ்சாயத்துல உங்க நைனா உக்காந்துக்கினு இருக்காரு. நான் சொன்னா யாரு நம்புவா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ ஏரில முழுக்கு எடுத்தே பாரு, அன்னைக்கு நானும் கரைல வந்து நின்னேன். இன்னைக்கு சொல்லிடுவான்னு நெனச்சேன். பாவி பாவின்னு சொன்னே. எந்தப் பாவம்னு சொல்லவேயில்ல. என் பொண்டாட்டிகூட காதைத் தீட்டிக்கினு கேட்டுது."

அந்த அம்மா 1994-ல் இறந்துபோனார்கள். கம்மல் மீளவில்லை.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எனக்குத்தான் தெரியுமே. ஊர்ல சொல்லு."

எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் 6, 7 வசனங்களை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். செய்த பாவத்தை அறிக்கையிட வேண்டும், நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஆறு நூறு ரூபாய்த் தாள்களைக் கொண்டுபோனேன். அவர் எண்ணினார். ஐந்தை வைத்துக்கொண்டு ஒன்றைத் திருப்பி நீட்டினார். "இது இன்னா கணக்கு?" வேதத்தில் உள்ள கணக்கு என்றேன். "அப்ப சரி" என்று அதையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் சிரித்தார். "ஆனா அன்னைக்கு ஐந்நூறுக்கு ஒரு ஜோடி கம்மல்டா. இன்னைக்கு இதுக்கு திருகாணிகூட வராது."

என்னிடம் இருந்தது ஒரு டிவிஎஸ் 50 வண்டி. அதை விற்று, அவருடைய பேத்திக்குக் கம்மல் வாங்கிக் கொடுத்தேன். நம்முடைய சபையில் நகை போடுகிறதில்லை. பாஸ்டர் நகைக்கடையிலிருந்து வந்தார் என்று பேச்சு எழும்பினது. வந்தது உண்மைதான். இதுவரைக்கும் அந்த ஒரு தடவைதான் போனேன்.

அந்த வாரமே ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். என் பங்கை மாத்திரம் சொன்னேன். கூட வந்தவருடைய பாவத்தை நான் அறிக்கை செய்ய முடியாது, அது அவருடைய வார்த்தை, அவர்தான் கொண்டுவர வேண்டும். சொல்லி முடித்ததும் கரகோஷம் இல்லை, அல்லேலூயா இல்லை, கடல் சத்தம்தான். அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று குடும்பங்கள் சபையை விட்டு விலகினார்கள். திருடனிடத்தில் திருவிருந்து வாங்கமாட்டோம் என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சபைக்கு வந்தாரா என்று எல்லாரும் கேட்பீர்கள். வரவில்லை. சாகிறவரைக்கும் வரவில்லை. சாட்சி என்றால் கடைசியில் எல்லாரும் இரட்சிக்கப்பட்டார்கள் என்று முடிய வேண்டும் என்று நாம் பழக்கப்பட்டுவிட்டோம். இது அப்படி முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வழியில் பார்க்கும்போதெல்லாம் என்னை முதலில் கூப்பிட்டுப் பேசினவர் அவர்தான்.

யோனாவை நினைத்துப் பார்க்கிறேன். நம்முடைய பாடு மாதிரியே அங்கேயும் சீட்டு. சீட்டு யோனாவின்மேல் விழுந்தது, சரியான ஆளின்மேல் விழுந்தது. மாலுமிகள் கேட்டதற்கு அவர் மழுப்பவில்லை. யார், எங்கேயிருந்து வருகிறேன், யாருக்குத் தப்பி ஓடுகிறேன், இந்தப் புயல் யாரால் வந்தது என்று நேராகச் சொன்னார். மீனின் வயிற்றில் செய்த ஜெபத்தைப் பற்றி நாம் எத்தனையோ செய்தி கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னே கப்பல் மேல்தட்டில், அந்நியர் நடுவில் சொன்ன அந்த நாலு வார்த்தையைப் பற்றி யாரும் பிரசங்கிக்கிறதில்லை. என்மேல் விழ வேண்டிய சீட்டு வேறொருத்தர்மேல் விழுந்து, நான் இருபத்துநாலு வருஷம் மேல்தட்டில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

ஏசாயா ஆறாம் அதிகாரத்தில் நெருப்புத்தழல் எங்கே தொட்டது? தீர்க்கதரிசிக்கு வாய்தான் முதல். அவருடைய ஊழியமே அந்த வாயில்தான். அங்கேதான் சுட்டது. பரிசுத்தரைக் கண்டவுடன் அவர் பொதுவாக அழவில்லை, என் உதடு அசுத்தம் என்று இடத்தைக் காட்டினார். காட்டின இடத்தில் குறடு இறங்கினது.

அந்நிய பாஷையைக் குறைத்துச் சொல்லுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் அதில் வளர்ந்தவன், இன்றைக்கும் விடியற்காலையில் அதில்தான் ஜெபிக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டாரிடத்தில் தமிழில் சொல்ல வேண்டியதைத் தேவனிடத்தில் அந்நிய பாஷையில் சொல்லித் தப்பிக்கக்கூடாது. நம்முடைய பிதாக்கள் இதை அறிந்திருந்தார்கள். அசூசா தெருவில் 1906-ல் எழுப்புதல் உண்டானது என்று எல்லாரும் சொல்லுகிறோம். அதற்கு 46 வருஷத்துக்கு முன்பே, 1860-ல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஐயா ஊழியம் செய்த கிறிஸ்தியான்பேட்டையில் ஆவியானவர் இறங்கினார். அந்நிய பாஷையும் தரிசனமும் அங்கே உண்டு. அவைகளோடு கூடவே ஜனங்கள் நடுங்கி, அழுது, தங்கள் பாவங்களை மற்றவர்கள் முன்பாக வாய்விட்டுச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக வந்தன. நாம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம் என்பது என் மனத்தாங்கல்.

ஒரு எச்சரிப்பும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மைக்கில் சொல்லுவது அறிக்கை அல்ல. இன்னொரு ஆத்துமாவின் மானம் போகிற காரியங்கள் உண்டு. அவைகளைச் சபை நடுவில் போட்டு உடைக்கிறவன் இரண்டாம் தரம் பாவம் செய்கிறான். எவ்வளவு தூரத்துக்குக் காயம் போயிருக்கிறதோ, அவ்வளவு தூரத்துக்குத்தான் வார்த்தை போக வேண்டும். ஒருத்தருக்குச் செய்தது என்றால் அந்த ஒருத்தரிடத்தில். ஊர் முன்னால் ஒருவர் பெயர் கெட்டது என்றால் ஊர் முன்னால். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் வேதபாடசாலையில் படிக்காத, சபைக்கே வராத ஒரு மனுஷன்.

இன்றைக்கு நம்முடைய அசீரியா எது? வியாபாரியிடத்தில் முன்பணம் வாங்கி, மீனை வேறொருத்தருக்கு இராத்திரியில் எடைபோடுகிறது. தராசில் விரல் வைக்கிறது. மகளிர் குழுப் பணத்தில் எழுதாத நூறு ரூபாய். அண்ணன் தம்பி பங்கில் மறைத்த வலை. செத்துப்போன தகப்பன் பேரில் நடக்கிற வழக்கு. இவைகளைச் சொல்லும்போது யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் வாசிக்கிறபோது ஒரு வரியில் உங்கள் கண் நின்றது என்றால், அந்த இடத்தில் நில்லுங்கள். தாண்டிப் போகாதிருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வழக்கம்போல காலை பத்து மணிக்கு ஆரம்பிக்கும். அன்றைக்கு மைக் வைக்கப்போவதில்லை, கீபோர்டும் டிரம்மும் இல்லை. பதினொன்றரை மணிக்கு ஜெபத்தை நிறுத்தி, இரண்டு மணி நேரம் விடுகிறோம். யாரிடத்தில் வார்த்தையோடு போக வேண்டுமோ, அந்த நேரத்தில் போய்வரலாம். போக வேண்டியவர் அக்கரைக் குப்பத்தில் இருந்தால், துறையில் நம்முடைய சகோதரர் ஒருவர் படகோடு காத்திருப்பார். கூலி கிடையாது. ஒன்றரை மணிக்கு மறுபடி கூடுவோம். திரும்பி வரத் தாமதமானால் பரவாயில்லை, கஞ்சி எடுத்துவைத்திருப்போம்.